மஞ்சள் தீட்டிய மதராஸ்

19ஆம் நூற்றாண்டில் கரிபியன் கடலின் மார்த்தினிக் தீவில், சேன்-பியேர் என்ற துறைமுக நகரில், அபூர்வமான ஒரு தொழில் இருந்தது. பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட பருத்தித் துணியைப் பலகைமேல் இறுக விரித்து வைப்பார்கள். குரோம் மஞ்சளைப் பிசினோடு குழைத்து, மஞ்சள் நூல் ஓடும் கட்டங்களின்மேல் மட்டும் தூரிகையால் பூசுவார்கள். பக்கத்துக் கட்டத்தின் சிவப்பில் ஒரு துளி மஞ்சள் ஏறக்கூடாது. காய்ந்ததும் மஞ்சள் தகடுபோல் மினுங்கும், துணியும் விறைத்துக்கொள்ளும். இந்த வேலையைச் செய்பவளுக்கு அங்கே 'கலாந்தஸ்' என்று பெயர். 1887க்கும் 1889க்கும் இடையில் அந்த நகரில் வாழ்ந்த எழுத்தாளர் லஃப்காடியோ ஹேர்ன் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

துணியின் பெயர் 'மதராஸ்'. சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்யப்பட்டு, சென்னைத் துறையின் பெயரோடு உலகம் சுற்றிய கைக்குட்டைத் துணி அது. ஆப்பிரிக்க அடிமைகள் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட காலத்திலேயே அந்தத் தீவுகளை எட்டிவிட்டது. இன்று மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் திருவிழா நாட்களில் பெண்கள் உடுத்தும் மரபுடையே மதராஸ்தான். துணி முதலில் போனது, ஆட்கள் பின்னால் போனார்கள். பிரெஞ்சிந்தியாவிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் பேரோடு புறப்பட்ட 'ஒரேலி' என்னும் கப்பல் 1853 மே 6 அன்று சேன்-பியேரில் நங்கூரமிட்டது. மார்த்தினிக்கில் கால்வைத்த முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தச் சிறு தீவுக்கு மட்டும் 25,000 பேருக்கு மேல் போய்ச்சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழர். புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கடைசியாக மிதித்த சொந்த மண்.

1860களில் அதே சேன்-பியேரில் ஓர் ஓவியர் குடியிருந்தார். பெயர் மிஷேல் ழான் கஸபோன். திரினிடாட் தீவுக்காரர். கரிபியன் தீவு ஒன்றின் அன்றாட வாழ்வை, அங்கேயே பிறந்த ஒருவரின் கண்ணால், முறையான பயிற்சியோடு தீட்டியவர்களில் முன்னோடி. காரைக்காலைப் பற்றிய ஒரு கட்டுரை இவரைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊரின் அரசலாற்று முகத்துவாரத்திலிருந்து கப்பலேறிய மக்களுக்குத் தங்களைத் தாங்களே வரைந்துகொள்ளும் வசதி கிடைக்கவில்லை. ஊரிலும் யாரும் அவர்களை வரைந்து வைக்கவில்லை. அவர்கள் போய் வாழ்ந்த உலகம் எப்படி இருந்தது, மரம் எப்படி நின்றது, சாலையில் யார் நடந்தார்கள், சந்தைக்குப் போகும் பெண் தலையில் என்ன கட்டியிருந்தாள் என்று இன்று பார்க்க விரும்பினால், கஸபோனின் நீர்வண்ணங்களைப் போல் உதவுவது வேறொன்றுமில்லை.

கஸபோன் 1813 செப்டம்பர் 20 அன்று திரினிடாட்டின் தெற்கே, சான் பெர்னாண்டோவுக்கு அருகிலுள்ள கொரிந்த் கரும்புத் தோட்டத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் மார்த்தினிக். ஆப்பிரிக்க, ஐரோப்பிய இரத்தம் கலந்த, அடிமைத்தளை இல்லாத 'சுதந்திரக் கலப்பினத்தவர்' அவர்கள். குடும்பம் குடியேறிய காலத்தில் திரினிடாட் ஸ்பெயினிடம் இருந்தது. குடியேறும் கத்தோலிக்கர்களுக்கு நிலம் தருவதாக ஸ்பானிய அரசு 1783இல் ஆணை வெளியிட்டதும் பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து இப்படிப்பட்ட குடும்பங்கள் திரண்டு வந்தன. 1797இல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. ஆட்சி ஆங்கிலத்தில், வீட்டுப் பேச்சு பிரெஞ்சில், தெருப் பேச்சு கிரியோலில் என்று மூன்று மொழிக்காரராக வளர்ந்தார் கஸபோன். காரைக்கால்காரருக்கு இந்த நிலை அந்நியமானதல்ல. வீட்டுக்குள் தமிழ், கச்சேரியில் பிரெஞ்சு, எல்லை தாண்டி நன்னிலம் போனால் ஆங்கிலம் என்று இரண்டு நூற்றாண்டு ஓட்டிய ஊர் அது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் குடும்பத்தின் செல்வம் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. நிறத்தால் தாழ்த்தப்பட்டவர்கள், நிலத்தால் உயர்ந்தவர்கள் என்ற இரட்டை நிலையில்தான் ஓவியரின் பிள்ளைப்பருவம் கழிந்தது. பதின்மூன்று வயதில் இங்கிலாந்தின் வேர் நகரிலுள்ள செயின்ட் எட்மண்ட்ஸ் கல்லூரிக்கு அனுப்பினார்கள். பிறகு பாரிஸ். அங்கே ஓவியம் பயின்று, பிரான்சின் பெரிய ஆண்டுக் கண்காட்சியான 'சலோ'னில் 1839இலும், 1843 முதல் 1847 வரையும் இடம்பிடித்தார். பிரெஞ்சுப் பெண்ணான ரொசாலி த்ரோலாரை மணந்தார். பாரிசில் ஓரளவு பெயர் நின்றுவிட்ட அந்த நேரத்தில், 1848 வாக்கில், ஊர் திரும்பினார்.

அந்த முடிவின் கனத்தை உணர இன்னொரு தீவுக்காரரை நினைத்துக்கொள்ளலாம். 1830இல் செயின்ட் தாமஸ் தீவில் பிறந்த கமீல் பிசாரோவும் இளமையில் கடற்கரையில் பேசிக்கொண்டிருக்கும் பெண்களையும் சுமைதூக்கிகளையும் தீட்டியவர்தான். 1855இல் பாரிசுக்குப் போனவர் அங்கேயே தங்கினார். இம்ப்ரெஷனிச இயக்கத்தின் மூத்தவராக உலகம் அவரை அறியும். கஸபோன் எதிர்த்திசையில் பயணம் செய்தார். பாரிசில் கற்றதைத் தூக்கிக்கொண்டு தீவுக்கு வந்தார். உலகப் புகழ் வரவில்லை. ஆனால் ஒரு தீவு முழுவதும் அவர் கையில் சிக்கியது.

ஊர் திரும்பியவருக்குக் கைகொடுத்த புரவலர் திரினிடாட் ஆளுநர் ஹாரிஸ் பிரபு. இங்கேதான் கதை நம் கரைக்குத் திரும்புகிறது. இந்த ஹாரிஸின் பாட்டனார் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ், 1799இல் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்பு சுல்தானை வீழ்த்திய படையின் தளபதி. அந்தப் போரில் கிடைத்த பங்குப் பணத்தைக் கொண்டு 1801இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பெல்மான்ட் என்ற மாளிகையை வாங்கினார். பேரன் 1846 முதல் 1854 வரை திரினிடாட்டை ஆண்டார். கஸபோனைக் கொண்டு தீவின் காட்சிகளைத் தீட்டுவித்தார். 1854இல் மாற்றலாகிச் சென்னை மாகாண ஆளுநராக வந்து சேர்ந்தார். ராயபுரம் ரயில் நிலையத்தை 1856இல் திறந்து வைத்தவர் இவரே. கஸபோன் தீட்டிக்கொடுத்த படங்கள் பெல்மான்ட் மாளிகையில் இருக்கின்றன. சீரங்கப்பட்டணத்துக் கொள்ளையில் வாங்கிய சுவர்களுக்குள், திரினிடாட் தீவின் வெயிலும் மூங்கிலும்.

இந்தச் சங்கிலியில் உறுத்தும் கண்ணி ஒன்று உண்டு. ஹாரிஸ் திரினிடாட்டுக்குப் போன நேரம், இந்தியக் கூலிகள் அங்கே வரத் தொடங்கியிருந்த நேரம். கல்கத்தாவிலிருந்து இருநூற்றுச் சொச்சம் பேரோடு 'ஃபதல் ரசாக்' கப்பல் 1845 மே 30 அன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினை அடைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்ற பக்கத்தில் அங்கே இருந்தவர் ஹாரிஸ். சென்னைக்கு வந்தபின் அவருடைய மேசைக்கு வந்திருக்கக்கூடிய விவகாரம் நேர்மாறானது. தஞ்சை மாவட்டத்துக் குடிகளை ஆள்பிடிகாரர்கள் ஆசைகாட்டியும் ஏமாற்றியும் பிரெஞ்சு எல்லைக்குள் கொண்டுபோய்க் காரைக்காலில் கப்பலேற்றுகிறார்கள் என்று மாகாண அரசுக்குப் புகார்கள் வந்துகொண்டிருந்த காலம் அது.

காரைக்கால் அதற்கு வாகான இடம். மொத்தமே 160 சதுர கிலோமீட்டர் சுமார். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் பிரிட்டிஷ் தஞ்சை. தஞ்சை மராத்திய அரசிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக் கம்பெனி பெற்ற அந்தத் துண்டு நிலம், நெல்வயல் நடுவே ஒரு தீவு போலக் கிடந்தது. ஓர் ஓடையைத் தாண்டினால் சட்டம் மாறும், காவலர் மாறுவார், அபராதம் மாறும். மழை பொய்த்த ஆண்டிலோ கடன் முற்றிய ஆண்டிலோ ஒருவன் திருநள்ளாறு வரை நடந்து வந்துவிட்டால் போதும், அவன் பிரெஞ்சு மண்ணில் இருந்தான். பெரிய கப்பல்கள் கரையில் அணையாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலை முறிவைக் கடந்து ஆட்களைக் கொண்டுசெல்வது சலங்குப் படகு. பண்ணையைத் தவிர வேறொன்றும் பார்த்திராத உழவர்கள் பலருக்குக் கடலே அன்றுதான் அறிமுகம். 1861 ஜூலை 1 அன்று பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு இந்த ஏற்றுமதிக்கு முறையான அனுமதியும் கண்காணிப்பும் வந்தன. ரெயூனியன் தீவுக்கு 1882 வரையிலும், கரிபியன் தீவுகளுக்கு 1888 வரையிலும் அது நடந்தது.

இனி படங்களுக்கு வருவோம். 1851இல் கஸபோன் 'திரினிடாட் காட்சிகள்' என்ற கல்லச்சுத் தொகுப்பை வெளியிட்டார். பதினெட்டுப் படங்கள். 1857இல் இன்னொரு தொகுப்பு. தீவில் நீர்வண்ணத்தில் தீட்டியதைப் பாரிசுக்கு அனுப்ப, அங்கே எழேன் சிசெரி போன்ற கைதேர்ந்தவர்கள் கல்லில் வரைந்து அச்சிடுவார்கள். படங்கள் கப்பலில் திரும்பிவந்து தோட்ட முதலாளிகளின் வரவேற்பறைகளை அடையும். லாவெந்தீல் குன்றின்மேல் நின்று பார்க்கிற போர்ட் ஆஃப் ஸ்பெயின், கீழே பாரியா வளைகுடாவின் கப்பல்கள், நீர்வீழ்ச்சி, பாளையம், ஆளுநர் மாளிகை, மரவால் பக்கத்து வறண்ட ஆறு ஆகியவை அவருடைய களங்கள்.

கஸபோனின் கையெழுத்து அளவில் இருக்கிறது. மரம் பெரிதாக இருக்கும், மனிதர் சிறியவராக இருப்பார். ஆனால் அந்தச் சிறிய உருவத்தை அவர் ஒருபோதும் அலட்சியமாகப் போடுவதில்லை. ஆற்றில் துணி துவைக்கும் பெண்கள், கூடையைத் தலையில் ஏற்றி நடப்பவர்கள், கரையில் வலையோடு நிற்கும் மீனவர்கள் ஆகியோருடைய இடுப்பின் சாய்வும் கழுத்தின் நிமிர்வும், அந்தச் சுமையோடு நடந்தே பழகிய உடம்பை அறிந்தவரின் கோடுகள். காட்சிக்கு அழகு சேர்க்க ஐரோப்பியப் பயணிகள் ஓரமாக இரண்டு 'உள்ளூர்வாசி'களைப் போட்டுவைப்பதுண்டு; கஸபோனின் மனிதர்கள் அந்த வகையல்ல. அவர்கள் அந்தச் சாலையில் எங்கோ போய்க்கொண்டிருக்கிறார்கள், போகுமிடத்தில் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

இயற்கைக்காட்சியோடு அவர் நிற்கவுமில்லை. கறுப்பின, கலப்பினப் பெண்களை அருகே நிறுத்தி, திருவிழா உடையில், தனித்தனி ஆளாகத் தீட்டினார். தலைக்கட்டின் மடிப்பு, காதணியின் எடை, வயதான முகத்தின் தன்மானம் எல்லாம் வண்ணத்தில் வந்தன. அடிமைத்தனம் முற்றாக ஒழிந்து பத்தே ஆண்டுகள் ஆன சமூகத்தில், நேற்றுவரை சொத்துக்கணக்கில் எழுதப்பட்டவர்களை ஓவியத்துக்கு உரியவர்களாக அவர் கருதினார். இந்தியர்களும் அவர் தூரிகைக்குள் வந்தார்கள். தீவில் புதிதாக வந்து, யாரோடும் ஒட்டாமல், தனிப்பேச்சும் தனி உடையுமாக நின்ற அந்த மக்களை ஓவியத்தில் பார்த்த முதல் சிலரில் கஸபோனும் ஒருவர்.

இதை நம் கரையில் அதே காலத்தில் நடந்ததோடு ஒப்பிட்டால்தான் அருமை புரியும். தஞ்சையிலும் திருச்சியிலும் ஐரோப்பியர்களுக்காகத் தீட்டப்பட்ட 'கம்பெனி' பாணிப் படங்களை நூலகங்களில் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆணும் பெண்ணும் ஜோடியாக நிற்பார்கள். ஆணின் கையில் தொழிற்கருவி, பெண்ணின் கையில் குடமோ கூடையோ. கீழே சாதியின் பெயர். பின்னணியில் வெற்றுத்தாள் அல்லது ஒரு கோடு தரை. திருச்சியில் அப்ரகத் தகட்டிலும் இப்படித் தீட்டி விற்றார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே பசி இருந்தது. பியேர் சொன்னெராவின் பயண நூல் 1782இல் பாரிசில் படங்களோடு வந்தது. சமஸ்கிருத அறிஞர் எழேன் பூர்னூஃபின் விளக்கவுரையோடு 1827 முதல் 1835 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பிரெஞ்சிந்தியா பற்றிய கல்லச்சுத் தொகுதி, தெய்வம், கோயில், உடை, முகவெட்டு, பாத்திரம், ஆயுதம் என எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியது.

தஞ்சை ஓவியர்களின் கைத்திறன் குறைந்ததல்ல. சேலைக் கரையின் ஒவ்வொரு பூவையும் அவர்கள் போட்டார்கள். ஆனால் கேட்டவருக்கு வேண்டியது மாதிரி, மனிதரல்ல. நெசவாளி நிற்பார், அவர் நெய்யும் வீடு இருக்காது. குயவர் நிற்பார், மண் எடுத்த குளம் இருக்காது. மண்ணிலிருந்து பிடுங்கித் தாளில் ஒட்டிய செடிகள் போல நம் முன்னோர்கள் அந்த ஏடுகளில் நிற்கிறார்கள். காவிரிக் கடைமடையின் சேறும் கருவேலமும் உப்பளமும் அந்தப் படங்களில் வரவேயில்லை. கஸபோன் தன் தீவுக்குச் செய்ததை, காரைக்காலுக்கோ நாகைக்கோ அன்று ஒருவர் செய்திருந்தால் நமக்கு இன்று என்னென்ன கிடைத்திருக்கும் என்று நினைக்கையில் மனம் ஏங்குகிறது. மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கும் கைகள். அரசலாற்றில் நெல் ஏற்றிய தோணி. கப்பலுக்கு ஆள் சேரும்வரை காத்திருந்த குடும்பங்கள். ஒரு படமும் இல்லை.

காரைக்கால்காரர் ஒருவரின் உருவம் உலக அருங்காட்சியகங்களில் இடம்பெற்றிருக்கிறது என்றால் அது காரைக்கால் அம்மையாருடையது. கையில் தாளத்தோடு, எலும்பு தெரியும் மார்போடு அமர்ந்த சோழர்காலச் செப்புத் திருமேனிகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனிலும் கான்சாஸ் நகரத்தின் நெல்சன்-அட்கின்ஸிலும் உள்ளன. அந்த அம்மையின் கதையிலேயே ஒரு கப்பல் உண்டு. அம்மையின் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிப் பிரிந்த கணவன் பரமதத்தன் வணிகத்துக்கென்று கடலேறியவன் ஊர் திரும்பாமல் பாண்டிநாட்டில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். போனவர் வராத துயரம் இந்த ஊருக்குப் பழையது.

கஸபோனைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? ஹாரிஸ் ஆளுநர். வில்லியம் ஹார்டின் பர்ன்லி, திரினிடாட்டின் மிகப்பெரிய அடிமை உடைமையாளராக இருந்தவர். விடுதலைக்குப்பின் வெளியிலிருந்து கூலியாட்களை இறக்குமதி செய்யத் தீவிரமாக வாதாடியவர். ஜான் லாமன்ட் இன்னொரு தோட்டக்காரர். இவர்களுக்காகத் தீட்டிய படங்களில் கரும்பு வெட்டும் கத்தியின் வேகமோ, ஆலைக்கொதிப்போ, அதிகாலை மணிக்கு எழும் கூலிவரிசையோ முன்னுக்கு வருவதில்லை. தோட்ட வீடு மரநிழலில் அமைதியாக இருக்கும். வயலில் வியர்த்தவர்கள் தொலைவில் புள்ளிகளாகவாவது இருப்பார்கள். சில சமயம் அதுவும் இராது. கஸபோனுக்குத் தெரியாததல்ல, அவர் தோட்டத்துப் பிள்ளை. வாங்குபவர் சுவரில் மாட்ட விரும்பாததை அவர் தீட்டவில்லை. அவருடைய இனிய ஒளியை ரசிக்கும்போதே, அந்த ஒளி எதை மூடுகிறது என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. காரைக்கால் உழவர் அந்தத் தீவுகளில் நாளெல்லாம் நின்ற இடம், படத்தின் சட்டத்துக்கு வெளியேதான் பெரும்பாலும் இருக்கிறது.

1854இல் ஹாரிஸ் சென்னைக்குப் புறப்பட்டபின் புரவலர்கள் குறைந்தார்கள். 1862 வாக்கில் குடும்பத்தோடு மார்த்தினிக்கின் சேன்-பியேருக்குப் போனார் கஸபோன். பிரெஞ்சுக் கரிபியனின் கலைநகரம் அது. நாடக அரங்கு இருந்தது, வணிகம் இருந்தது, செங்குத்தான தெருக்களில் நீரோடும் கால்வாய்கள் இருந்தன. அந்த ஆண்டுகளில்தான் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. துறைமுகத்துப் படிகளில் ஏறிவரும் தமிழர்களைப் பார்க்காமல் சேன்-பியேரில் எட்டு ஆண்டு வாழ்ந்திருக்க முடியாது. மஞ்சள் தீட்டிய மதராஸைக் கட்டிய பெண்களும் அந்தத் தெருக்களில்தான் நடந்தார்கள். ஒரே கரையிலிருந்து வந்த துணியும் ஆட்களும் அங்கே எதிரெதிரே சந்தித்தார்கள். துணியைத் தீவு தன்னுடையதென்று எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டது. ஆட்களை 'கூலி' என்ற வசைச்சொல்லால் நெடுங்காலம் தள்ளி வைத்தது.

தள்ளிவைக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. வடக்கே பாஸ்-புவாந்த் பக்கத்துத் தோட்டங்களில் சிறு கோயில்கள் எழுந்தன. மாரியம்மன் அங்கே 'மாலியெமன்' ஆனாள். மதுரைவீரன் 'மால்தெவிடான்' ஆனார். பேச்சுத்தமிழ் போய்விட்டது, வழிபாட்டுப் பாட்டின் ஓசையில் மட்டும் அது தங்கியது. மல்லி, சீரகம், மஞ்சள் அரைத்த மசாலாவில் கறியாக்கும் 'கொலொம்போ' இன்று தீவின் பொது உணவு. நம் குழம்புதான் அது என்று ஆய்வாளர் பலரும் கருதுகிறார்கள். இவை எதையும் கஸபோன் தீட்டி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் இவை நடந்த பின்புலத்தை, அந்த மலையின் நீலத்தையும் பனையின் உயரத்தையும் ஈரக்காற்றின் வெளிச்சத்தையும், அவர் படங்களில் காணலாம். மாலியெமனுக்குச் சேவல் அறுத்தவர் தலைநிமிர்ந்து பார்த்திருக்கக்கூடிய வானம் அது.

இந்தியப் பெருங்கடலில், காரைக்காலுக்கு இன்னும் அருகே, ரெயூனியனிலும் இதே வேலையைச் செய்தவர் ஒருவர் உண்டு. அவிஞோன் நகரத்தில் 1819இல் பிறந்த அந்த்வான் ரூசேன், படைவீரராக 1842இல் தீவுக்கு வந்து கல்லச்சுக்கூடம் வைத்து 1894இல் அங்கேயே மறைந்தார். தீவின் ஊர்களையும் மக்களையும் காட்டும் அவருடைய தொகுப்புகள் பல ஆண்டு வெளிவந்தன. தமிழரை 'மல்பார்' என்று அழைக்கும் அந்தத் தீவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ரூசேனின் படங்களைத் தொடாமல் போவதில்லை.

1870 வாக்கில் திரினிடாட் திரும்பிய கஸபோன், பாடம் சொல்லிக்கொடுத்தும் சிறு படங்கள் விற்றும் காலம் தள்ளினார். அதே காலத்தில் ஃபெலிக்ஸ் மொரேன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கடை போட்டிருந்தார். இந்தியப் பெண்களைத் திரைச்சீலை முன் நிறுத்தி, வெள்ளிக்காசு மாலையும் தோள்வரை வளையலும் தெரியும்படி எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக உலகம் சுற்றின. தஞ்சைக் கம்பெனி ஓவியத்தின் மாதிரி மனிதர், மீண்டும், இம்முறை கருவியின் துல்லியத்தோடு. மரமும் தெருவும் மறுபடி காணாமல் போயின. அந்தப் பெண்களின் கண்களில் உள்ள இறுக்கத்தைப் பார்த்தபின் கஸபோனின் முகம் தெரியாத சிறு உருவங்களே மேல் என்று தோன்றும். அங்கே அவர்களை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

1888 நவம்பர் 20 அன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கஸபோன் இறந்தார். லாபெய்ரூஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நெடுங்காலம் ஊரே மறந்திருந்த அவரைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி மக்லீன் 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் நூலாக எழுதி மீட்டார். திரினிடாட் எழுத்தாளர் லாரன்ஸ் ஸ்காட் 2012இல் கஸபோனின் வாழ்வை நாவலாக்கினார். போர்ட் ஆஃப் ஸ்பெயின் தேசிய அருங்காட்சியகத்தில் இன்று அவர் படங்கள் உள்ளன.

கப்பலேறியவர்களைப் பற்றிய ஆவணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பிரெஞ்சு நிர்வாகம் எண் போட்டுப் பதிவேடு வைத்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, வந்த கப்பல் எல்லாம் அதில் உண்டு. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய முத்துசாமி 'மூதுஸ்ஸாமி'யாகவும், சிதம்பரம் 'சிதாம்பரோம்' ஆகவும் நிலைத்தார்கள். குவாதலூப்பில் பிறந்த ஆன்ரி சிதாம்பரோம்தான் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றவர். ஏட்டில் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. ஓவியத்தில் உருவம் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்கும் வேலையைக் காரைக்காலில் யாராவது தொடங்கவேண்டும். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்களின் கதையை ஊர் நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. அவர்களுக்கு முன்னே சலங்கில் ஏறிப்போன உழவர்களுக்கும் அந்த நினைவில் இடம் வேண்டும்.

1902 மே 8 காலையில் பெலே எரிமலை வெடித்தது. சில நிமிடங்களில் சேன்-பியேர் சாம்பலானது. கிட்டத்தட்ட முப்பதாயிரம் பேர் மாண்டார்கள். 'ஒரேலி' நங்கூரமிட்ட துறை, கஸபோன் வாழ்ந்த தெருக்கள், பலகைமேல் மதராஸை விரித்து மஞ்சள் தீட்டிய பெண்களின் வீடுகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. அடுத்த தலைமுறையில் தீவின் பெண்கள் மதராஸைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். துணிக்கு மஞ்சள் பூசத் தெரிந்த கைகள் அருகிப்போயின.